வீங்கிய டின்னும் உங்கள் ராசாத்தியும்

லண்டன், 1991 மாசி

அன்புள்ள இஞ்சாருங்கோ,

கடிதத்தில்கூட உங்கள் பெயரை எழுதக் கை வரவில்லை. நீங்கள் போன பிறகு வந்த முதல் பனிக்காலம் இது. எங்கள் பிளாஸ்டோப் பகுதி முழுவதும் வெள்ளையாகக் கிடக்கிறது, பின்வளவுக் குழாய் உறைந்துவிட்டது. உங்கள் பூனை சுகம். அதைத்தானே முதலில் கேட்பீர்கள்?

எங்களுடையது சைவ வீடு. மீன் டின் சமைக்கிற குசினிக்குள் வரக்கூடாது என்று நான் சொன்னதால், பூனைச் சாப்பாட்டு டின்களைத் தோட்டத்து ஷெட்டில் அடுக்கினீர்கள். குளிர் கூடினால் அவை உறைந்துவிடும் என்று, நான் பின்னித் தந்த ஸ்வெட்டரை எடுத்துச் சுற்றி வைத்தீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொடுக்கும் முன் ஒவ்வொரு டின்னின் மூடியையும் பெருவிரலால் அழுத்தி, பொருத்தில் கசிவு உண்டா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பீர்கள். நான் காய்ச்சலில் கிடந்தபோது என் நெற்றியை அப்படி ஒருநாளாவது தொட்டுப் பார்த்தீர்களா?

ஷிப்ட் முடிந்து வந்ததும் அதனிடம், "என்ரை ராசாத்தி, சாப்பிட்டியளோ?" என்னிடம், "தேத்தண்ணி எங்கை?" அதற்குக் கொடுத்த மரியாதையில் பாதியை எனக்குக் கொடுத்திருந்தால் குறைந்தா போயிருப்பீர்கள்?

இந்த முறை ஸ்வெட்டர் சுற்ற ஆளில்லை. நேற்றுப் பனி கொஞ்சம் இளகியதும் ஷெட்டைத் திறந்தேன். டின்கள் எல்லாம் வயிறு ஊதிக் கிடந்தன. வீட்டில் வேறு டின் இல்லை, பூனையோ காலைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது. பக்கத்து வீட்டுத் தேவி அக்கா எட்டிப் பார்த்து, "பனிக்கு வீங்கினதுதானே. பூனைக்கு ஒண்டும் செய்யாது, எடுத்துக் குடும் புவனா" என்றார்.

எனக்கு மனம் கேட்கவில்லை. மிருக வைத்தியருக்குப் போன் எடுத்தேன். உறையும்போது உள்ளே இருப்பது பெருத்து டின்னின் பொருத்து விட்டுப்போயிருக்கும், இளகியதும் கிருமி புகுந்து பெருகும், மணம் நன்றாக இருந்தாலும் கொடுக்க வேண்டாம், பூனை செத்தும் போகலாம் என்றார் அங்கிருந்த பெண்.

போனை வைத்த பிறகும் டின்னைக் கையில் பிடித்தபடி நின்றேன். இதைத் திறந்து அதற்கு வைத்துவிட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. உங்கள் ஷிப்ட் முடியும் நேரத்துக்கு இன்றும் அது வாசற்கதவடியில் போய் இருந்து வாய்விட்டு அழுகிறது. மனதைத் தேற்றிக்கொள் என்று அதற்கு யாரும் சொல்வதில்லை. வருகிறவர்கள் எல்லாம் எனக்குத்தான் சொல்கிறார்கள். அதில்தான் எனக்கு வயிறு எரிகிறது. இது இல்லாமல் போனால் உங்களுக்காக அழ நான் ஒருத்திதான் இருப்பேன்.

பிறகுதான் யோசித்தேன். இது செத்தால் எங்கே போகும்? நேரே உங்களிடம்தானே! நான் இங்கே குளிரில் கிடக்க, அது அங்கே உங்கள் மடியில் ஏறிச் சுருண்டுகொள்ளும். நீங்களும் என்னை மறந்துவிடுவீர்கள்.

டின்கள் எல்லாவற்றையும் பையில் கட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். பனியில் வழுக்கி வழுக்கிக் கடைக்குப் போய்ப் புது டின் வாங்கிவந்து, குசினிக்குள்ளேயே, பருப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். குசினிக்குள் மீன் டின்னைக் கண்ட தேவி அக்கா முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்.

சத்தியமாகச் சொல்கிறேன், இனி அதற்கு ஒரு குறையும் வராது. நல்ல சாப்பாடு போட்டு, ஊசி மருந்து பார்த்து, அதை நெடுங்காலம் உயிரோடு வைத்திருப்பேன். உங்களிடம் முதலில் வருவது நான்தான்.

உங்கள் மனைவி,
புவனா