நான் ஊற்றிய ஒரு கிளாஸ்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் அம்மா மட்டும் நலம், என் கதையைக் கீழே படி. உன் நலமும் மாப்பிள்ளை நலமும் வயிற்றில் இருக்கும் குட்டியின் நலமும் அறிய ஆவல்.

குடிக்கிற கையில் குழந்தையைத் தர மாட்டேன் என்று போனில் சொன்னாயே, அன்று முழுக்க உன்மேல் கோபமாக இருந்தேன், மறுநாள் அம்மா கூப்பிட்டதும் பேசாமல் மருத்துவரிடம் கிளம்பிவிட்டேன். திட்டுவார் என்று விறைப்பாக உட்கார்ந்திருந்தால் அந்த டாக்டரம்மா திட்டவே இல்லை, கேள்வி கேட்டார், அடேயப்பா, எத்தனை கேள்வி! எழுந்ததும் கை நடுங்குமா, குடித்தால் நிற்குமா, விட்டுப் பார்த்ததுண்டா, எத்தனை நாள் தாங்கியது. கடைகளில் தராசைச் சோதிக்கும்போது நானும் இப்படித்தான் குடைவேன், எனக்கே சுவாரசியமாகிவிட்டது. தினம் எவ்வளவு என்றார். ரெண்டே கிளாஸ்தாங்க என்றேன். உடனே காலிக் கிளாஸும் தண்ணீரும் கொடுத்து, சரக்கு ஊத்துற மாதிரியே ஊத்திக் காட்டுங்க என்றார். ஊற்றினேன். அதை அளவுக் குவளையில் கவிழ்த்துப் பார்த்தால் முப்பது மில்லி ஒரு கிளாஸ் என்கிற அவர்கள் கணக்கில் அது ஒன்றல்ல, நாலு! குண்டுமணி எடை குறைந்தாலும் முத்திரை போடாத மனுஷன் நான், என் கையை ஒரு நாளும் அளந்ததில்லையே. வெட்கமாகப் போயிற்று.

நாளையே அடியோடு விட்டுவிடுகிறேன் என்று வீராப்பாகச் சொன்னேன். அதுதான் ஆபத்தாம். திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரலாம், நீங்களா எதுவும் செய்யாதீங்க என்றார். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள், கல்லீரல் வீங்கியிருக்கிறது, குடியை விட்டால் சரியாகிவிடுமாம். அடுத்த மாதம் முதல் தேதி ஆஸ்பத்திரியில் சேர்ந்து பத்து நாள் இருக்க வேண்டும், மாத்திரையால் நடுக்கத்தை அடக்குவார்கள், பிறகு வாராவாரம் அம்மாவோடு போய்ப் பேச வேண்டும்.

குடிப்பவன் சொல்வதை மட்டும் நம்பி முடிவெடுக்க மாட்டாராம், வீட்டில் இரண்டு பேர் சொல்ல வேண்டும். அம்மா கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் பேசினாள், என்ன சொன்னே என்று கேட்டால், உங்களுக்கு எதுக்கு அது என்கிறாள். இரண்டாவது ஆள் நீ. படிவம் இதோடு இருக்கிறது. அப்பா மனசு நோகுமே என்று எதையும் குறைத்து எழுதாதே தாயே, எனக்குக் காட்டவும் வேண்டாம், முதல் தேதிக்குள் நேரே டாக்டருக்கு அனுப்பிவிடு.

வேளாவேளைக்குச் சாப்பிடு, மாடிப்படியில் ஓடாதே. நீயும் குட்டியும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். எழுத்து ஏன் இப்படிக் கோணிக்கொண்டு போகிறது என்று பார்க்கிறாயா? காலையில் எழுந்ததும் எழுதுகிறேன். அதையும் படிவத்தில் எழுதிவிடு.

இப்படிக்கு,
குழந்தையை வாங்கக் கை நீட்டியிருக்கும்
உன் அப்பா