பலா மரம் தெரிந்த மாத்திரை

அறப்பளீஸ்வரர் துணை

திண்ணனூர் நாடு,
பங்குனி, வெள்ளிக்கிழமை.

என் சாமி மணிவண்ணனுக்கு, அம்மா எழுதுவது. மாசி பெரியண்ணன் புண்ணியத்தில் நாங்கள் இருக்கிறோம். ஐதராபாத்தில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன்.

உன் கவர் வந்தது. தபால்காரர் கொடுத்தபோது உன் தங்கச்சி ராதிகா பக்கத்தில்தான் நின்றாள். என்ன கவர் என்றாள். அப்பாவின் இன்சூரன்ஸ் என்று சொல்லிவிட்டேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிட்டேன். போன் அவள் கையில்தான் இருக்கிறது. டவர் கிடைக்கிற பாறைக்கு நான் போனால் கூடவே வருகிறாள். ஏழாம் மாதத்தில் பாறை ஏறாதே என்றாலும் கேட்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நீயும் இதைப் பற்றிப் போனில் வாய் திறக்காதே.

மாத்திரையைக் கரைத்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தை அதற்குள் விட்டால், மருந்து எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு வெளிச்சத்தை அது குடித்துவிடும், மீதி வருவதை மிஷின் அளக்கும் என்று எழுதியிருந்தாய். காலண்டர் தாளைப் பார்த்து எழுத்துக் கூட்டிய எனக்கு அது ஒரே தடவையில் விளங்கவில்லை. புளியைக் கரைத்து டம்ளரை ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். கெட்டியாக இருந்தால் வெளிச்சம் இந்தப் பக்கம் வரவே இல்லை. தண்ணீர் விட்டு இளக்கினால் பின்னால் நிற்கிற பலா மரம் தெரிகிறது. இப்படித்தானே கண்ணு? உரிக்காத அட்டையில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு இருந்திருக்கிறது. அப்பாவின் டப்பாவில் இருந்ததில் முப்பதுகூட இல்லை. உன் அப்பா தினமும் முழுங்கிய பிரஷர் மாத்திரையில் பலா மரம் தெரிந்திருக்கிறது.

அட்டையை உரித்தது யார், வெளிச்சத்தில் கிடந்ததா என்று கேட்டிருக்கிறாய். உரித்தது ராதிகாதான். அப்பாவுக்கு விரலில் பலமில்லை. அட்டையை அழுத்தினால் மாத்திரை தெறித்து எங்கேயாவது உருண்டுவிடும். அதனால் மாத மாத்திரையை மொத்தமாக உரித்து எவர்சில்வர் டப்பாவில் போட்டு வைப்பாள். தை மாதப் பனியில் அது நமுத்துப்போனது. மிளகு காயப்போட்ட பாய்க்குப் பக்கத்திலேயே ஒரு முறத்தில் மாத்திரையையும் பரப்பி வைத்தாள். வெயில் வந்த நாளெல்லாம் வைத்தாள். நான்தான் காக்காய் விரட்டினேன். இந்த மலையில் மிளகு, தினை, துணி, பள்ளிக்கூடப் புத்தகம், எது நமுத்தாலும் வெயிலில்தானே வைக்கிறோம்? மஞ்சள் நிறம் கொஞ்சம் வெளுத்திருந்தது, அவ்வளவுதான். வெயில் ஆகாது என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது என்கிறாய். இங்கிலீஷில் போட்டிருந்தால் எங்களுக்கு எப்படித் தெரியும்?

அம்சவேணி விஷயத்துக்கு வருகிறேன். துக்க வீட்டில் எல்லோர் முன்னாலும் நீதான் அவளைக் கை நீட்டிக் குற்றம் சொன்னாய். டப்பாவில் இருப்பதையும் உரிக்காத அட்டையையும் எங்கள் லேபில் போட்டுப் பார்க்கிறேன், அப்போது தெரியும் என்றாய். அன்றிலிருந்து ஊரே உன் வாயைப் பார்த்துக் கிடக்கிறது. மாதாமாதம் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு தேடி மாத்திரை கொண்டுவந்தவளை இப்போது யாரும் வாசல் ஏற விடுவதில்லை. நல்ல மாத்திரையைக் காளப்பநாயக்கன்பட்டியில் விற்றுவிட்டுக் கெட்டதைக் கொடுத்தாளாம். இந்தப் பேச்சு குண்டூர் நாடு வரைக்கும் போய்விட்டது. வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். உன் பேப்பர் வந்த பிறகுதான் முடிவு சொல்வார்களாம்.

அன்றைக்கு எல்லோரையும்விட அதிகம் பேசியவள் ராதிகா. நீ லாரியில் ஏறிப் போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. மண்ணை வாரி அம்சவேணிமேல் எறிந்து, “எங்கப்பன் சாவுக்குக் காரணமானவ வவுறு வெளங்காது” என்று சொன்னாள். சொல்லும்போது தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய முதல் பிரசவத்தில், கொண்டை ஊசி வளைவில் ஜீப் நின்றபோது, பிள்ளை போனாலும் தாயை இழுத்துப் பிடித்தவள் அம்சவேணிதான். அதெல்லாம் அன்றைக்கு யாருக்கு ஞாபகம் இருந்தது?

திங்கட்கிழமை அம்சவேணி வந்தாள். வேலிக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு, “தம்பி பேப்பர் வந்துச்சுங்களாக்கா? வந்துட்டா எம்பேரு தேறிருமுங்க” என்றாள். இன்னும் வரவில்லை என்று சொன்னேன். நாக்கு குழறவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டாள். நான் எழுந்திருப்பதற்குள் ராதிகா வந்து, குடத்துத் தண்ணீரை அவள் பார்க்கக் கீழே கொட்டினாள்.  அம்சவேணி ராதிகாவின் கால் வீக்கத்தைப் பார்த்துவிட்டு, பிரஷர் பார்த்தீர்களா என்று என்னைக் கேட்டுவிட்டுப் போனாள்.

மறுநாளே நாமக்கல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். பிரஷர் ஏறியிருக்கிறது என்று மாத்திரை கொடுத்தார். அதே மஞ்சள் மாத்திரை. இன்று காலையில் பார்க்கிறேன், மிளகுக்குப் பக்கத்தில் முறத்தில் காய்கிறது. ஓடிப்போய் அள்ளினேன். “ஏம்மா அள்ளறே? நமுத்துப் போயிருமில்ல? அப்பனுக்கும் இப்படித்தானே காய வெச்சேன்” என்றாள். மழை வரும்போல இருக்கிறது என்றேன். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். காய்ந்ததைத் தென்னங்குழியில் போட்டுவிட்டேன். மீதி அட்டை என் டிரங்குப் பெட்டியில் பூட்டில் இருக்கிறது. இனி தினம் ஒன்றாக நானே உரித்துக் கொடுப்பேன்.

உரிக்காத அட்டை நல்லது என்று மட்டும் எழுதிக் கொடுக்கட்டுமா என்று கேட்கிறாய். கொடுத்தால் அம்சவேணி தப்பிப்பாள். அப்புறம், அப்படியானால் டப்பாவில் இருந்தது என்ன ஆச்சு அண்ணா என்று முதலில் கேட்பவள் உன் தங்கச்சிதான். ஒரு பிள்ளையைக் குழியில் வைத்துவிட்டு வந்தவள். அப்பாவையும் தன் கையாலேயே அனுப்பினோம் என்று தெரிந்தால் அவள் அந்தப் பாறைக்குப் போவது போன் பேசுவதற்காக இருக்காது.

அதனால் எதுவும் எழுதாதே. மாத்திரை பொடிந்துவிட்டது, அளக்க முடியவில்லை என்று சொல்லிவிடு. அம்சவேணிக்கு வேலை போகும். தெரிந்துதான் சொல்கிறேன். அவள் மகள் ஹாஸ்டலில் படிக்கிறாள், அதுவும் தெரியும். வேலை போனாலும் அவள் உயிரோடு இருப்பாள். காலையில் கோயிலுக்குப் போய் விளக்குப் போட்டேன். சாமியிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

ராதிகா எதிரில் உட்கார்ந்து மிளகில் கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். அண்ணனுக்குத்தானே எழுதுகிறாய், அம்சவேணியை விட்டுவிடாதே என்று நான் சொன்னதாக எழுது என்கிறாள். எழுதிவிட்டேன் என்று சொன்னேன்.

நீ பொய் பேசாத பிள்ளை கண்ணு. உன் வேலையும் பொய் சொல்லாத வேலை. எட்டுக்கை அம்மன் உன்னையும் உன் கண்ணையும் காப்பாற்றட்டும். பிரசவத்துக்குக் கட்டாயம் வா. வந்தால் உன் தங்கச்சி முகத்தை நேராகப் பார்த்துச் சிரி. அவள் என்ன கேட்டாலும் சிரி.

உன் அம்மா,
அத்தாயி