உருண்டைக் கிளைக் கொய்யா

அன்புள்ள அண்ணி,

இன்று காலை தள்ளுவண்டிக்காரர் கொய்யாவை இலையோடு நிறுத்துக் கொடுத்தார். பையில் நசுங்கிய இலையின் வாசனை வந்ததும் சமையலறையில் அப்படியே நின்றுவிட்டேன். மனம் செங்கம் ரோட்டு வீட்டுக் கிணற்றடிக்கு ஓடிவிட்டது.

எழுபதுகளின் கடைசி. நான் காலேஜில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்து மூன்று வருடம்தான். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். வந்த புதிதில் நீங்களே சந்தையில் பார்த்து வாங்கி நட்ட இரண்டு கொய்யாக் கன்றுகளில் ஒன்று காய்த்துத் தள்ளியது. மற்றது புதராக மண்டியதே தவிர, பூக்கவேயில்லை. "உங்க அண்ணிக்குச் செடி பாத்து வாங்கத் தெரியல. கார்த்திகை தீபத்துக்கு ஜனங்க வர்றதுக்குள்ள இத வெட்டிட்டு அங்க அடுப்பு வெட்டிடலாம்" என்றார் அண்ணன். வீடே சிரித்தது. நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை.

அன்று மத்தியானம் என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப் போனீர்கள்.

"விமலா, கண்ண மூடிக்கிட்டு ரெண்டு மரத்துக் கொழுந்துக் கிளையையும் தொட்டுப் பாரு."

தொட்டேன். காய்க்கிற மரத்தில் நான்கு விளிம்புகள் விரலில் இடறின. பூக்காதது உருண்டை, மேலே பூனை முடி மாதிரி ஏதோ. உள்ளே ஓடிப்போய் லென்ஸை எடுத்து வந்தேன். இலையைத் திருப்பினால் அடியில் செம்பட்டை ரோமம். நரம்புகளும் கம்மி.

"அண்ணி, இதுவும் கொய்யாதான். ஆனா நம்ம கொய்யா இல்ல. வேற இனம்!"

"தங்கச்சி முறையா?"

"சித்தப்பா பொண்ணுன்னு வெச்சுக்கங்க!"

என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தீர்கள். வளையல் ஒன்று உடைந்தது. அதைக்கூடக் கவனிக்கவில்லை.

அண்ணன் நம்பவில்லை. "இலைய வெச்சு ஜாதகம் பாக்கறீங்களா? காய்க்கட்டும், நம்பறேன்."

"தீபம் வரைக்கும் டைம் குடுங்க" என்றீர்கள்.

ஆடி மழைக்குப் பிறகு மொட்டு வைத்தது. அதிலிருந்து தினமும் பல்கூடத் தேய்க்காமல் இருவரும் கிணற்றடிக்கு ஓடினோம். பிஞ்சு பிடித்ததும் அணிலுக்குப் பயந்து உங்கள் பழைய புடவையைக் கிழித்துக் கிளைகளில் கட்டினீர்கள். தெருவில் போகிறவர்களெல்லாம் வேண்டுதலா என்று விசாரித்தார்கள்.

தீபத்தன்று வீடு நிறைய ஜனம். பெரிய நெல்லிக்காய் அளவில் மஞ்சளாகப் பழுத்திருந்ததை எல்லோர் முன்னாலும் நறுக்கினீர்கள். முதல் துண்டு அண்ணனுக்கு. வாயில் போட்டவர் கண்ணை இறுக மூடித் தோளைக் குலுக்கினார்.

"யப்பா! இன்னா புளிப்பு! துன்ன ஒதவாத மரம், நான் அப்பவே சொல்லல?"

நீங்களோ கத்தியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தீர்கள். "புளிக்குதில்லங்க? சின்னதா இருக்குதில்ல? ரெண்டையும் ஒரே வருஷத்துல நட்டு, ஒரே தண்ணி ஊத்துனேன். இலையும் வேற, கிளையும் வேற, பழமும் வேற. அப்ப மரமே வேறதானே? நான் வாங்குனது சொத்தக் கன்னு இல்லீங்க!"

அந்த வீட்டில் நீங்கள் குரல் உயர்த்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதே நேரம் மலை மேல் தீபம் ஏறியது. தெருவெல்லாம் "அரோகரா!" என்று முழங்க, நமக்காகத்தான் கத்துகிறார்கள் என்பது போல நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள்.

"செரி, வேறதான். ஒத்துக்கறேன், விடும்மா" என்றார் அண்ணன். மறுநாள் அந்தப் பழத்தில் நீங்கள் கிண்டிய தொக்கை வழித்து வழித்துச் சாப்பிட்டவரும் அவர்தான்.

உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் ஊர் திரும்பிய அன்று, கீழ்பென்னாத்தூரில் பஸ் கொஞ்ச நேரம் நின்றது. ஒரு வீட்டு மதில் மேல் கொய்யாக் கிளை ஜன்னலருகே நீட்டிக்கொண்டிருந்தது. அழுது வீங்கிய கண்ணோடுதான் கையை நீட்டி அதன் நுனியை உருட்டிப் பார்த்தேன்.

உருண்டை, அண்ணி! உருண்டை!

உங்களிடம் சொல்வதற்காகப் பக்கத்துச் சீட்டுப் பக்கம் சட்டென்று திரும்பினேன்.