மிஷினுக்குப் போன விதைநெல்லு

தேவகி அப்பாவுக்கு,

சோறு அடுப்பு மேல கீது. போன போகத்துல நாம புது ரக நெல்லு நட்டப்ப ஊரப்பாக்கமே சிரிச்சுது. வெளைச்சலைப் பார்த்துட்டு இப்ப எல்லாரும் அந்த விதைக்கு அலையறாங்க. விதைக்குன்னு நான் தூத்தி, காய வெச்சு, நொச்சித்தழை போட்டுக் கட்டி வெச்ச மூட்டையை, உங்க தங்கச்சி வந்தாங்கன்னு, என்னை ஒரு வார்த்தை கேக்காம மிஷின்ல அரைச்சுக்கினு வந்துட்டீங்களே! அரிசியை விதைச்சா மொளைக்குமா?

சாயங்காலம் விவசாய ஆபீசர் தனசிங் சாரு, விதை வாங்க ஏகநாதன் அண்ணனைக் கூட்டிக்கினு வராரு. எந்த மூஞ்சியை வெச்சுக்கினு நான் பதில் சொல்றது? சிட்லபாக்கம் அக்கா வூட்டுக்குப் போறேன்.

செல்லி

தேச்ச சட்டை கொடியில கீது, போட்டுக்குங்க.

விதை எங்கேன்னு அவங்க கேட்டா, ஆளுக்கு ஒரு தட்டு சோறு போடுங்க. அதான் விதை.