ஏழு மணிக்குச் சாப்பிட்டதாக

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் வயிறு படுத்தி எடுத்துவிட்டது. நல்லவேளை, வீட்டுக்கு வந்த பிறகு. நான் ஓட்டும் டவர் கிரேன் கேபினிலிருந்து தரைக்கு இரும்பு ஏணியில் பன்னிரண்டு நிமிஷம். கழிப்பறை கீழேதான்.

நான் அனுப்பிய டப்பா லேபுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாம். என் மலத்தைப் பொதிந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்திருக்கிறார்கள். எனக்குக்கூட இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை. குடலில் என்னென்ன கிருமி குடியிருக்கிறது என்று பார்த்து, எனக்கென்றே ஒரு சாப்பாட்டுத் திட்டம் போட்டுத் தருவார்கள். கையில் சர்க்கரை அளக்கும் சென்சார் வேறு. சாப்பிடுவதையெல்லாம் இரண்டு வாரம் ஆப்பில் எழுத வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

‘காலை 7.00 – ஓட்ஸ், வாழைப்பழம்’ என்று எழுதினேன். சாப்பிடவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

என் வீட்டுக்காரர் விடிகாலையில் எழுந்து கட்டிக்கொடுக்கும் சாப்பாட்டு டப்பாவை விசில்தான் காலி செய்கிறான். கீழே நின்று விசில் ஊதி எனக்குச் சைகை காட்டுபவன், அதனால் அந்தப் பெயர்; இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். “அக்கா, இன்னிக்கு அண்ணன் உப்பு கம்மியா போட்டுட்டாரு” என்று குறை வேறு!

காலையில் தின்றால் இறங்க வேண்டி வரும். தண்ணீர் குடித்தாலும் அதே கதைதான். அதனால் மூன்று மணிவரை வெறும் வயிறு. அப்புறம் காணாததைக் கண்ட மாதிரி தின்கிறேன். எட்டு மாதமாக இப்படித்தான். இந்த சைட்டில் நான்தான் முதல் பெண் ஆபரேட்டர். “பொம்பளைங்கன்னா அடிக்கடி இறங்குவாங்க, வேலை கெடும்” என்று சூப்பர்வைசர் முதல் நாளே சொன்னார். ஒருநாள்கூட இறங்கியதில்லை நான். ஒருநாள்கூட! இந்த சீட்டை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மார்ச் 15, சனி

“பழம் கனிஞ்சிருந்துச்சா?” என்று அவர் கேட்டார். “ம்” என்றேன். ச்சே.

மார்ச் 18, செவ்வாய்

லேபிலிருந்து டயட்டீஷியன் போன் செய்தாள். “நீங்க எழுதினது ஒண்ணு, சென்சார் சொல்றது ஒண்ணு. ஏழு மணிக்கு ஓட்ஸ் சாப்பிட்டா சர்க்கரை கொஞ்சமாவது ஏறணுமே? மூணரைக்கு மேலதான் சர்ருனு ஏறுது.”

“மிஷின் கெட்டுப்போச்சோ என்னவோ.”

“ஞாயித்துக்கிழமை மட்டும் நல்லா வேலை செய்யுதே?”

போனை வைத்துவிட்டேன். அவள் மேல் எனக்கென்ன கோபம்?

மார்ச் 19, புதன்

நானே கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் திட்டவில்லை. “பொய்க் கணக்குக்கு நான் எப்படித் திட்டம் போடறது? நாள் பூரா பட்டினி போட்டுட்டு மொத்தமா உள்ளே தள்ளினா, குடல்ல இருக்கற ஜீவனுங்க என்னதான் பண்ணும்? பத்து மணிக்குள்ள ஏதாவது சாப்பிடுங்க. தண்ணி குடிங்க” என்றாள்.

இதுவரை இங்கேகூட எழுதாததை எழுதுகிறேன். போன வாரம் கம்பிக்கட்டைத் தூக்கும்போது கண் இருட்டியது. ஒரு நொடிதான். கட்டுக்குக் கொஞ்சம் தள்ளி விசில் நின்றுகொண்டிருந்தான்.

மார்ச் 20, வியாழன்

டப்பா விஷயத்தை அவரிடம் சொன்னேன். “எட்டு மாசமா அந்தத் தடியனுக்கா பார்த்துப் பார்த்து செஞ்சேன்?” சிரிப்பார் என்று நினைத்தேன். எழுந்து போய்விட்டார்.

மார்ச் 21, வெள்ளி

இன்னும் பேசவில்லை.

மார்ச் 22, சனி

காலைக் கூட்டத்தில் சொல்லிவிட்டேன். “தினமும் பத்து மணிக்கு இறங்குவேன் சார். சாப்பிட்டுட்டு ஏறுவேன்.”

“நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா?” என்று சூப்பர்வைசர் எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கண் இருட்டியதைப் போட்டு உடைத்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. விசில் என்னையே பார்த்தான்.

“திங்கக்கிழமை பார்க்கலாம்” என்றார். பார்க்கலாம் என்றால்? சீட் போச்சா? வாயை மூடிக்கொண்டிருக்கலாமோ? இல்லை, அவன் தலைமேல் விழுந்திருந்தால்?

மார்ச் 23, ஞாயிறு

எதிலும் மனசு ஒட்டவில்லை. துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன். அவர் சமையலறையிலிருந்து, “பத்து மணிக்குத் திங்கற மாதிரி என்ன வைக்கட்டும்?” என்றார். முகத்தை இன்னும் உம்மென்றுதான் வைத்திருந்தார். அழுகை வந்துவிட்டது.

மார்ச் 24, திங்கள்

ஏறவிட்டார்கள். பத்து மணிக்குக் கொக்கியைக் காலியாக மேலே இழுத்து நிறுத்திவிட்டு இறங்கினேன். கீழே பாதி வேலை நின்றுவிட்டது. எல்லாரும் நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அவித்துக் கொடுத்த முட்டையை உரித்தேன், ஓடு பொடிப்பொடியாக வந்தது. சூப்பர்வைசர் வாட்சைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் வந்து, “ஆச்சாம்மா?” என்றார்.

“இன்னொண்ணு இருக்கு சார்” என்று அடுத்த முட்டையை எடுத்தேன்.