சந்தனமும் உப்பும் பூசிய சூரியப் பலகைகள்

தென்காசி,
5-9-1986

சிரஞ்சீவி நாறும்பூநாதனுக்கு அம்மா எழுதுவது. இங்கு உன் அப்பாவின் பிடிவாதம் உட்பட எல்லாம் சௌக்கியம். அந்தமானில் நீ வேளைக்குச் சாப்பிடுவதாக எழுதியிருந்தாய், நம்ப முயல்கிறேன்.

உனக்குப் பார்த்திருக்கும் பெண்ணின் வீட்டார், கீழப்பாவூர் கைலாசம் குடும்பத்தார், சென்ற ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தார்கள். வீடு பார்க்க வந்ததாக யாரும் சொல்லவில்லை. குற்றாலத்தில் குளித்துவிட்டு வழியில் எட்டிப் பார்த்ததாகவே பேச்சு. பெண் முன்கூட்டியே மாப்பிள்ளை வீட்டுப் படியேறக் கூடாது என்பது சம்பிரதாயம். தலை ஈரமாக இருந்தால் ஏறலாம் போலும், முத்துவடிவும் வந்தாள். பௌதிகம் படித்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறாள். வந்ததும் "சௌக்கியமா ஆச்சி" என்று என்னைக் கேட்டாள். என் நரையைப் பார்த்துப் பாட்டி முறை வைத்திருக்கிறாள், பெண்ணுக்குக் கண்பார்வை சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

கைலாசத்துக்கு உன் குணத்தில் சந்தேகமில்லை, உத்தியோகத்தில்தான் சந்தேகம். வெயிலில் மின்சாரம் எடுக்கும் வேலை என்று கேட்டதுமே, "மழ பெஞ்சா ஆபீஸ் லீவா அண்ணாச்சி" என்று உன் அப்பாவைக் கேட்டவர் அவர். அதற்குப் பதிலாக, விடுமுறையில் வந்தபோது நீ மாடியில் பொருத்திப் போன பலகையையும் அதிலிருந்து நேராக ஓடும் சின்ன மின்விசிறியையும் காட்டிவிடுவதென்று அப்பா தீர்மானித்திருந்தார். விசிறி சுற்றினால் சம்பந்தம் முடிந்தது என்பது அவர் எண்ணம். சாரல் ஓய்ந்து நல்ல வெயிலும் அடித்தது. கைலாசத்தை விசிறிக்கு நேராக உட்கார்த்திவிட்டுச் சுவிட்சைத் தட்டினார். விசிறி ஒருமுறை அசைந்து, வந்திருப்பவர்களைப் பார்த்துவிட்டு நின்றது. அப்பா "லேசா காத்து வருது, வருது" என்று சொல்லச் சொல்ல, கைலாசம் தோள் துண்டால் வீசிக்கொண்டு, "வெயிலு பத்தலையோ அண்ணாச்சி" என்று விசாரித்தார்.

நான் மாடிக்குப் போனேன். யாரும் கூப்பிடாமலே முத்துவடிவு பின்னால் வந்தாள். பலகையில் ஒரு கட்டம் விடாமல் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம், ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம், குறுக்கே ஒரு கனகாம்பரச் சரம். நல்ல காரியம் பேச வருகிறார்களே, பலகை மொட்டையாகக் கிடக்கலாமா என்று உன் அப்பா காலையிலேயே ஏறிப் பூசியிருக்கிறார். கீழேயிருந்து "உலகு, தொடச்சிராத, கண்ணு பட்டுரும்" என்று எனக்கு எச்சரிக்கை வேறு. "வெயிலு உள்ள போவ வழியே இல்லயே" என்ற அந்தப் பெண், அருவியில் நனைந்த தன் துண்டாலேயே பலகையைத் துடைத்தாள். கீழே விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. கூடவே, சூரியனையே தான் பெற்றுவிட்டதுபோல அப்பாவின் குரலும்.

அத்தோடு அவர் நிறுத்தியிருக்கலாம். வெற்றி தலைக்கேறி, உன் கடைசிக் கடிதத்தை எடுத்துச் சபையில் வாசித்தார். குடிதண்ணீரை மிச்சம் பிடிக்க உன் தந்தி நிலையத்துப் பலகைகளைக் கடல்நீரால் கழுவச் சொன்னாய் என்றும், காய்ந்ததும் எல்லாம் வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்துக்கொண்டன என்றும், இரண்டாம் நாள் மின்சாரம் வராமல் கம்பியில்லாத் தந்தியே ஊமையாகிவிட்டது என்றும் எனக்கு எழுதினாயே, அதை. கைலாசம் துண்டை மடித்துத் தோளில் போட்டு, "வாட்டி, போவோம்" என்று மகளைக் கூப்பிட்டபடி எழுந்துவிட்டார். முத்துவடிவு எழவில்லை. காபி சிந்தும்படி சிரித்துவிட்டு, "அப்பா சந்தனம் பூசுதாங்க, பிள்ளை உப்புப் பூசுதாங்க" என்றாள். பிறகு என்னிடம், "அங்கன மழைக்கு என்ன பஞ்சம்? கூரைத் தண்ணியப் பிடிச்சு வச்சுக் கழுவப்படாதா? பேட்டரி முனை பச்சையாப் பூத்துருமே, வாஸ்லின் தடவுதாங்களா? சட்டத்து ஆணி துருப்பிடிக்காத ஆணிதானா?" என்று கேட்டாள். வேதியியலில் பட்டம் வாங்கிய நானே, அதெல்லாம் உனக்குத்தான் தெரியும் என்று உன் தலையில் போட்டேன். "அப்போ எழுதச் சொல்லுங்க" என்றாள்.

ஆகவே எழுது. மழைத் தொட்டி கட்டிவிட்டு எழுது, கட்டப் போவதாக எழுதாதே. விடிந்ததும் கண்ணாடி சுடுவதற்குமுன் நல்ல தண்ணீரால் கழுவு. கழுவியவன் சொன்னதை நம்பாமல் நீயே விரலால் தொட்டுப் பார். புத்தகத்தைப் பார்த்து எழுதினால் அவள் கண்டுபிடித்துவிடுவாள். கடிதம் என் பெயருக்கே வரட்டும். வாசிக்கும் ஆசை உள்ளவர் கையில் அகப்படாமல் நானே கீழப்பாவூரில் சேர்ப்பிக்கிறேன்.

கைலாசம் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். விசிறி சுற்றியதே சம்மதம் என்கிறார் உன் அப்பா. விசிறியை நான் பொருட்படுத்தவில்லை. வரும்போது ஆச்சி என்றவள், செருப்பை மாட்டிக்கொண்டே, தகப்பனார் காதில் விழும்படி, "போயிட்டு வாரேன் அத்தை" என்றாள். பலகைகளை ஒழுங்காகக் கழுவு.

நீண்ட ஆயுளும் கொஞ்சம் முன்யோசனையும் உனக்கு வாய்க்கட்டும். அவள் துண்டை இங்கேயே விட்டுப் போயிருக்கிறாள். இருமுறை துவைத்தும் சந்தனக் கறை போகவில்லை, மடித்து வைத்திருக்கிறேன்.

ஆசிகளுடன்,
உன் அம்மா,
உலகம்மாள்