கேக்கில் பேர் எழுதும் கை

என் ஆசை அண்ணனுக்கு,

நாளைக் காலையில் ஜெபாவுக்கு ஆபரேஷன். ஆமாம், உன் பிள்ளைக்கும் பைபாஸ்தான். மூன்று அடைப்பு. நாற்பத்திரண்டு வயதில் உன்னிடமிருந்து வேறு எதையாவது வாங்கியிருக்கக் கூடாதா அவன்?

நம் குமணன்சாவடி பேக்கரியை இப்போது அவன்தான் பார்த்துக்கொள்கிறான். எதிரில் மெட்ரோ தூண் வந்து பேர்ப்பலகை பாதி மறைந்துவிட்டது. ஆனாலும் பிறந்தநாள் கேக்குக்கு ஆட்கள் தேடி வருகிறார்கள். உன்னைப் போலவே இடது கையில் க்ரீம் கோனைப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு பேர் எழுதுகிறான்.

இன்று டாக்டர் படம் போட்டு விளக்கினார். நெஞ்சுக்குள் இருக்கும் இடது ரத்தக்குழாயை முக்கியமான அடைப்புக்கு வைப்பார்களாம், அதில் மாற்றமில்லை. மற்றதற்கு எதை எடுப்பது என்பதுதான் யோசனை. நெஞ்சின் வலது குழாயையும் எடுக்கலாம், ஆனால் அவனுக்குச் சர்க்கரை, நெஞ்செலும்பு சேர நாளாகும். கால் நரம்பு சீக்கிரம் அடைத்துக்கொள்ளலாம். கையிலிருந்து எடுக்கும் குழாய் நெடுநாள் உழைக்குமாம், பழக்கமில்லாத கையில்தான் எடுப்பார்களாம். எல்லாம் உனக்குச் சொன்னதேதான்.

பிறகு அதே கேள்வி. "எந்தக் கை பழக்கம்? சாப்பிடுறது எதுல?"

அன்றைக்கு நீ "வலது" என்றாய். பொய் இல்லை. அம்மா அடித்து அடித்துப் பழக்கியதில் சோறும் பேனாவும் உனக்கு வலது கைக்குப் போய்விட்டன. மற்றதெல்லாம் இடதுதான். அது எனக்குத் தெரியும், பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். பெரிய டாக்டர், அவருக்குத் தெரியாததா என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். இடது கையில் எடுத்துவிட்டார்கள்.

இதயம் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் கட்டைவிரல் பக்கம் மரத்துப்போனது திரும்பவே இல்லை. கோன் நழுவியது, எழுத்து கோணிக்கொண்டு போனது. கேட்டவர்களிடம் கண் சரியில்லை என்று சொல்லிவைத்தாய். நான் அழுதபோது, "உசுரு கீதுல்ல எஸ்தரு, வுடு" என்று நீதான் என்னைத் தேற்றினாய். கடைசியில் கிட்னி உன்னைக் கொண்டுபோகும்வரை, ஆறு வருஷம், நீ ஒரு பேர்கூட எழுதவில்லை. ஒருநாளாவது என்னைத் திட்டியிருக்கலாமே அண்ணே?

ஜெபாவும் இன்று "வலது" என்றான். டாக்டர் அவனுடைய இடது மணிக்கட்டை அழுத்திவிட்டு, உள்ளங்கை சிவக்கிறதா, அந்தக் கையில் குழாய் எடுக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்துவிட்டேன்.

"டாக்டர், சாப்பிடுறதுதான் வலது. இவன் பொழப்பே இடது கைலதான்!"

சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல, நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். "இன்னாத்துக்கு அத்தே இப்டி கத்துற?" என்று ஜெபா சிரித்தான். டாக்டர் அந்தக் கையை விட்டுவிட்டு வலது மணிக்கட்டைப் பிடித்தார்.

அவ்வளவுதான் அண்ணே. அன்றைக்கு அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

அவன் எழுந்து வரட்டும். உன் பிறந்தநாளுக்கு ஒரு கேக் போடச் சொல்கிறேன். இடது கையால் உன் பேரை அவன் எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பேன். இது சத்தியம்.

இத்தனை வருஷம் தாமதமாக வாய் திறந்த
உன் தங்கச்சி,
எஸ்தர்